புது டிரிக்கரும் ஒரு சொட்டு எண்ணெயும்

போன மாதம் ரைஃபிள் கிளப்பிலிருந்து இரண்டு பேர் என் வீடு தேடி வந்தார்கள். கிளப்பின் ஆண்டு மலருக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். "உங்க சர்வீஸ்ல பெருமையா நெனைக்கிற வேலை ஒண்ணப் பத்தி எழுதுங்க சார்" என்றார்கள். பெருமையை எழுத எல்லா மலரிலும் ஆள் இருக்கிறது. நான் என் புத்தி கெட்ட கதையை எழுதுகிறேன், வேண்டுமானால் போடுங்கள், வேண்டாமென்றால் திருப்பி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அதற்குக் காரணம் அவர்களே. வரும்போது வெளிநாட்டு டிரிக்கர் ஒன்றை என்னிடம் காட்டக் கொண்டு வந்திருந்தார்கள். அதன் டப்பாவுக்குள் ஒரு துண்டுக் காகிதம். எந்த எண்ணெயும் விடக்கூடாது என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு நெஞ்சு கொஞ்சம் கனத்துப்போனது. அந்தக் காகிதம் ஐம்பதுகளிலேயே வந்திருந்தால் ஒரு மனிதர் மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்திருக்க மாட்டார்.

எனக்குச் சொந்த ஊர் ராயபுரம். அப்பா, சித்தப்பா எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். எனக்குக் கட்டுமரத்தில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். மீனவர் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை பிறந்தால் அவனைப் பார்த்துத் தெருவே சிரிக்கும். யுத்த காலத்தில் துறைமுகத்துப் பட்டறையில் ஆள் எடுத்தார்கள். அரம் பிடிக்கப் போனவன், காவல்காரர்களின் துப்பாக்கிகளைக் கழுவித் துடைக்கும் பக்கம் ஒதுக்கப்பட்டு, யுத்தம் முடிந்ததும் ஒரு துப்பாக்கிக் கம்பெனியின் பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். கடை ஊருக்குள் கண்ணாடி அலமாரியோடு இருந்தது. பட்டறை தண்டையார்பேட்டையில், தோல் கிடங்குக்கும் மாவு மில்லுக்கும் நடுவே இருந்தது. நாற்றம் ஒரு பக்கம், தூசி ஒரு பக்கம்.

எங்கள் மேஸ்திரி ஞானமுத்து. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று நினைத்த நாட்கள் உண்டு. வேலையை அவரிடம் கொண்டு போய் நீட்டினால் பார்க்க மாட்டார், கண்ணை மூடிக்கொள்வார். துப்பாக்கிக் கட்டையைத் தாடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தோட்டா போடும் வாயைத் திறந்து மூடும் போல்ட்டை மெதுவாகத் திறந்து மூடுவார். எங்கேயாவது மயிரிழை உரசினால் கண் திறக்கும். "கேட்டீரா?" என்பார். நமக்கு ஒன்றும் கேட்டிருக்காது. கேட்டது என்று பொய் சொன்னால், "எந்த இடத்துல?" என்பார். அதோடு தொலைந்தோம்.

அவர் வைத்திருந்த முறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்டறையை விட்டுப் போகும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு பழுப்பு அட்டை கட்டுவோம். என்னென்ன கழற்றினோம், என்ன மாட்டினோம், என்னென்ன சோதனை செய்தோம், கடைசி வரியில் என்ன எண்ணெய் விட்டோம் என்று வேலை செய்தவன் பென்சிலில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் கீழே அவர் கையெழுத்து. "நான் எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்க முடியாதுவே. உம்ம அட்டையத்தான் நம்பி ஒப்பம் போடுதேன்" என்பார்.

மாச்சய்யா என்ற குடகுக்காரர் நீலகிரியில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் மானேஜர். பழைய ராணுவக்காரர், முதுகு வளையாத மனிதர். அவரிடம் ஒரு வேட்டை ரைஃபிள் இருந்தது. நல்ல குழல், நல்ல கட்டை, ஆனால் டிரிக்கர் கல் மாதிரி. ஏழு ராத்தல் இழுத்தால்தான் விடும். விரலால் அவ்வளவு இழுக்கும்போது குறி ஆடிவிடும். எஸ்டேட் ஓரத்துக் காட்டில் அடிபட்ட சிறுத்தை ஒன்று கூலி லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சுட உத்தரவு கையில் இருக்கிறது, இந்த டிரிக்கரை நம்பிப் போக மனம் வரவில்லை என்றார். கடைக்கு அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து கப்பலில் இரண்டு புது டிரிக்கர்கள் வந்திருந்தன. துப்பாக்கி செய்த கம்பெனி செய்ததல்ல. வேறு யாரோ தனியாகச் செய்து விற்பது. பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டிக்கொள்ளலாம். பக்கத்தில் சின்னத் திருகாணி, அதைத் திருகினால் இழுக்கிற கனம் கூடும், குறையும். நாங்கள் யாரும் அதற்கு முன்பு அப்படி ஒன்றைத் தொட்டதில்லை.

மேஸ்திரி அந்த வாரம் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். வேலை என் கைக்கு வந்தது. சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு.

டிரிக்கர் கெட்டியான பழுப்புக் கிரீஸில் முங்கி வந்திருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவினேன். மாட்டினேன். கட்டையின் உள்பக்கம் ஓர் ஓரத்தில் இடித்தது. அரிசி மணி அளவு மரத்தைச் செதுக்கி எடுத்தேன். பிறகு சோதனை. போல்ட்டை மெதுவாக இருபது தடவை மூடினேன், அடித்து இருபது தடவை மூடினேன். சுடாமல் தடுக்கும் பூட்டைப் போட்டு டிரிக்கரை இழுத்துவிட்டுப் பூட்டைத் திறந்தேன். அப்போது தோட்டாவை அடிக்கும் ஊசி விழக்கூடாது, விழவில்லை. கயிற்றுப் பாய் மேல் சாண் உயரத்திலிருந்து கட்டையைக் குத்தினேன். தோல் சுற்றிய சுத்தியால் பக்கவாட்டில் தட்டினேன். கனம் பார்க்க என்னிடம் ஒரு கம்பிக் கொக்கியும் பையும் உண்டு. பையில் எங்கள் வீட்டு வலையின் ஈயக் குண்டுகள். ஒவ்வொன்றாகப் போட்டேன். மூன்றரை ராத்தலில் டக்கென்று விட்டது. கண்ணாடிக் குச்சி ஒடிகிற மாதிரி சுத்தமாக விட்டது.

கடைசியாக எண்ணெய். மேஸ்திரியின் கட்டளைப்படி டிரிக்கருக்குள் கடிகார எண்ணெய் மட்டும்தான், அதுவும் ஊசி முனையில் ஒரு சொட்டு. சீசாவைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். காலி. அந்த நாளில் இறக்குமதிச் சாமான் எல்லாம் தட்டுப்பாடு. புதுச் சீசா வர எத்தனை நாளாகுமோ தெரியாது. மானேஜரோ திங்கட்கிழமை ரயிலேற வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கதவு கீச்சிட்டால், தையல் மெஷின் இழுத்தால், சைக்கிள் பூட்டு சிக்கினால் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான். தலைக்குத் தடவுகிற தேங்காய் எண்ணெய். பட்டறை ஜன்னலில் யாரோ ஒரு சின்னச் சீசா வைத்திருந்தார்கள். தெளிந்த எண்ணெய், கண்ணாடி மாதிரி. ஒரு சொட்டுத்தானே என்று விட்டேன். டிரிக்கர் முன்னைவிட வழவழப்பாக ஓடியது. அட்டையின் கடைசி வரியில் கை பழக்கத்தில் 'கடிகார எண்ணெய்' என்று எழுதினேன். கை பழக்கம் என்று இப்போது சொல்கிறேன். எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்துவிட்டார். கோயில் முடிந்த கையோடு இரண்டு பேரும் ரயிலில் எண்ணூர் போனோம். கழிமுகத்துக்கு அப்பால் ஆள் நடமாட்டமில்லாத மணல்மேட்டில் சுட்டுப் பார்க்க எங்களுக்கு அனுமதி உண்டு. உச்சி வெயில். வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்து, "இன்னா நைனா, கொக்கு சுடவா இம்மாம் பெரிய துப்பாக்கி?" என்று கேட்டார். பத்துத் தோட்டா சுட்டோம். பத்தும் ஓர் உள்ளங்கைக்குள் விழுந்தன. மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு போல்ட்டைத் திறந்து மூடினார். திறந்து மூடினார். பிறகு அட்டையை ஒரு தடவை படித்துவிட்டு என் கையெழுத்தின் கீழே கையெழுத்துப் போட்டார். "நல்லா இருக்குவே" என்றார். எட்டு வருடத்தில் முதல் தடவை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

திங்கட்கிழமை மானேஜர் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை காலை. மார்கழி மாதம், எங்கள் ஊரிலேயே கொஞ்சம் சில்லென்றிருந்தது. குளித்துவிட்டு வந்து நிற்கிறேன். என் மனைவி கன்னியம்மா எண்ணெய்ச் சீசாவை என் கையில் கொடுத்தாள்.

"இந்தாய்யா, எண்ணெ கல்லாட்டம் ஒறஞ்சி கீது. கொஞ்சம் வெயில்ல வெச்சிட்டு வா."

சீசாவைக் கவிழ்த்தேன். அசையவில்லை. உள்ளே வெள்ளை வெளேரென்று மெழுகு மாதிரி நின்றது. வருடா வருடம் பார்க்கிற காட்சிதான். நான் சீசாவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாச்சி? தல சுத்துதா?" என்றாள்.

ராயபுரத்திலேயே உறைகிறது. நீலகிரியில்? பழைய டிரிக்கரின் ஸ்பிரிங் முரட்டு ஸ்பிரிங். எண்ணெய் உறைந்தாலும் உதைத்துத் தள்ளிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பிவிடும். புது டிரிக்கரின் ஸ்பிரிங் பூனை மீசை அளவு. அது திரும்பி வந்து முட்டுக் கொடுத்தால்தான் அடி ஊசி நிற்கும். திரும்பாவிட்டால், போல்ட்டை மூடிய மாத்திரத்தில் யாரும் தொடாமலே வெடிக்கும்.

பட்டறைக்கு ஓடினேன். மேஸ்திரி அரங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னவே, முகம் ஒரு மாதிரியா இருக்கு?"

சொன்னேன். சீசா காலியானது, ஜன்னல் எண்ணெய், அட்டையில் எழுதிய பொய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கையில் இருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

"எத்தனை சொட்டு?"

"ஒண்ணு, மேஸ்திரி."

"ஐஸ் எங்கவே கெடைக்கும்?"

திட்டுவார் என்று காத்திருந்தவனுக்கு அந்தக் கேள்வி முதலில் புரியவில்லை. பிறகு ராயபுரம் ஸ்டேஷனுக்கு ஓடினேன். என் மச்சான் தனபால் அங்கே மீன் கூடைகளை ரயிலேற்றுகிறவன்.

"ஐஸு இன்னாத்துக்கு மாமு? வூட்ல யாருக்கானா ஜொரமா?" என்றான்.

"துப்பாக்கிக்கு" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மீன் நாற்றத்தோடு ஒரு பாளத்தைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தான்.

கப்பலில் வந்த இரண்டில் மிச்சமிருந்த டிரிக்கரைக் கழுவி, அதே ஜன்னல் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டு, பட்டறையில் கிடந்த ஒரு ரைஃபிளில் மாட்டினோம். வேட்டைக்காரர்கள் துப்பாக்கியை அலமாரியில் வைக்கும்போது ஸ்பிரிங் தளரட்டும் என்று டிரிக்கரை இழுத்துப் பிடித்தபடி போல்ட்டை மூடி வைப்பார்கள். மேஸ்திரியும் அப்படியே மூடினார். தகரப் பெட்டியில் உமியும் ஐஸும் போட்டு உள்ளே வைத்தோம். ஒரு மணி நேரம் அவர் அரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து, மருந்தில்லாத பொய்த் தோட்டாவைப் போட்டு, டிரிக்கர் பக்கம் விரலைக் கொண்டு போகாமல் போல்ட்டை மூடினார். ஊசி பிடித்தும் பிடிக்காமலும் ஒரு கணம் நின்று, கைப்பிடி கீழே இறங்கியதும் நழுவியது.

டக்.

பத்துத் தடவை மூடினார். ஏழு தடவை விழுந்தது.

"உம்ம பொய்க்குக் கீழ என் கையெழுத்து இருக்கு" என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால்கூட அந்த அளவு வலித்திருக்காது. தந்தி ஆபீசுக்கு அவரே போய், துப்பாக்கியில் தோட்டா போட வேண்டாம், ஆள் வருகிறான் என்று தந்தி அடித்தார். என்னை ரயிலேற்றிவிட வந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கம்பெனி பேரு என்னாகுமோன்னு நெனைச்சு எதையும் மறைச்சிராதீரும். நடந்தத நடந்தபடி சொல்லும்." என்னை அவர் வேலையை விட்டு நிறுத்தவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் டிரிக்கர் பக்கமே விடவில்லை. ஏர்கன் துடைத்தேன்.

மறுநாள் மலை ரயிலில் குன்னூர் போய் இறங்கி, எஸ்டேட்டுக்கு வழி கேட்கத் தபால் ஆபீசுக்குள் நுழைந்தேன். "நல்லதாப் போச்சு, இதையும் எடுத்துட்டுப் போயிடுங்க. எஸ்டேட் ஆளு சனிக்கிழமைதான் வருவான்" என்று போஸ்ட்மாஸ்டர் ஒரு உறையை நீட்டினார். எங்கள் தந்திதான். என் தந்தியை நானே கையில் பிடித்துக்கொண்டு தேயிலை லாரியில் ஏறினேன்.

பங்களா வாசலில் ஜீப் நின்றது. அதன் முன் விளக்கு ஒன்று சிதறிப்போயிருந்தது. கண்ணாடி உடைந்த இடத்தைத் தாண்டி ஒரு துளை. எதனால் விழுந்த துளை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாச்சய்யா கூடத்தில் கணப்பு அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தந்தியைப் படித்துவிட்டு மேசை மேல் போட்டார்.

"துப்பாக்கியில ஒண்ணும் கோளாறு இல்லப்பா. கோளாறு ஆளுக்கு" என்றார்.

விவரம் கேட்டேன். புதன்கிழமை விடியற்காலை சிறுத்தையைத் தேடிக் கிளம்பியிருக்கிறார்கள். அவருக்குத் தடம் பார்க்கிறவர் கேத்தன் என்று ஒருவர், அந்த மலைக்காரர். துப்பாக்கியில் தோட்டா போட்டுக் கொடுப்பது எப்போதும் கேத்தனின் வேலை. அன்றும் போட்டார், போல்ட்டை மூடினார், வெடித்தது. குண்டு மானேஜரின் இடுப்புக்கு ஒரு சாண் தள்ளி ஜீப் விளக்கில் பாய்ந்தது.

"பன்னண்டு வருஷமா எங்கூட இருக்கான். கை பட்டுருச்சுன்னு சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன். தொடவே இல்லைன்னு சாதிக்கிறான். நான் உள்ள கொண்டுவந்து இருபது தடவை மூடிப் பாத்தேன். ஒரு தடவைகூட விழல. பொய் சொல்றவன் கையில துப்பாக்கியக் கொடுக்க முடியாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள லைனைக் காலி பண்ணச் சொல்லிட்டேன்."

"எங்க வெச்சி மூடிப் பார்த்தீங்க சார்?"

"இங்கதான்."

அடுப்பில் கட்டை சடசடவென்று எரிந்துகொண்டிருந்தது. எனக்கு நெற்றியில் வேர்த்தது. "அவர் பொய் சொல்லல சார். பொய் சொன்னவன் நான்" என்றேன். துப்பாக்கியில் தொங்கிக்கொண்டிருந்த அட்டையை எடுத்துக் கடைசி வரியைக் காட்டினேன். எண்ணெய், ஐஸ், எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் துப்பாக்கியை என்னிடம் கொடுத்து, "காட்டு" என்றார்.

டிரிக்கரை இழுத்துப் பிடித்துப் போல்ட்டை மூடி, வெயில் இன்னும் எட்டாத வராந்தாவில் சாய்த்து வைத்தேன். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் நாற்காலி போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். குளிரில் எனக்குப் பல் அடித்தது. அவர் தன் கம்பளியை எடுத்து என் மடியில் போட்டார், முகத்தைப் பார்க்காமல். பிறகு அவரே பொய்த் தோட்டாவைப் போட்டு, விரல்களை விரித்து வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் போல்ட்டை மூடினார்.

டக்.

டிரிக்கரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவிப் பழையதை மாட்டிவிடுகிறேன் என்று பையைத் திறந்தேன். "பொறு. முதல்ல அவன் பார்க்கட்டும்" என்று சொல்லி ஆளனுப்பினார்.

கேத்தன் வந்தார். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். கண் குழி விழுந்திருந்தது. படியேறாமல் கீழேயே நின்றார். மானேஜர் இறங்கிப் போய் அவர் எதிரில் நின்று, அதே மாதிரி போல்ட்டை மூடிக் காட்டினார். டக்கென்ற சத்தம் கேட்டதும் கேத்தனின் தோள் ஒரு தடவை குலுங்கியது.

"நீ சொன்னதுதான் சரி, கேத்தா. நான் கேட்டிருக்கணும். லைனை விட்டுப் போக வேண்டாம்" என்றார் மாச்சய்யா.

"எண்ணெய் மாத்திப் போட்டது நான்தாங்க" என்றேன்.

கேத்தன் என்னைப் பார்த்தார், கோபமாக அல்ல. துப்பாக்கியைப் பார்த்தார்.

"இது இன்னொரு தரம் இப்பிடிச் செய்யுமா சாமி?" என்று என்னிடம் கேட்டார்.

"குளிர்ல இருக்கிற வரைக்கும் செய்யுங்க."

"அப்ப கழட்டாதீங்க. செத்த இருங்க. எம் பொஞ்சாதியக் கூட்டியாறேன். அவளும் நாந்தான் தொட்டேன்னு நெனச்சிருக்கா. வாய்விட்டுச் சொல்லல, ஆனா நெனச்சிருக்கா."

அவர் சரிவில் இறங்கி ஓடினார். சாய்ந்த வெயில் மெல்ல வராந்தாப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. மானேஜரிடமிருந்து வாங்கி மறுபடி அங்கே சாய்த்து வைத்திருந்த துப்பாக்கியை நான் நிழலுக்கு நகர்த்தினேன். வெயில் பின்னாலேயே வந்தது, மறுபடி நகர்த்தினேன். மானேஜர் படியேறி வந்து வெயிலை மறைத்துக்கொண்டு நின்றார்.

அந்த அம்மா வந்தார்கள். கொழுந்து பறித்த கூடைக் கயிறு இன்னும் நெற்றியில் இருந்தது. கேத்தன் என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினார். குழலை மண்ணைப் பார்த்துத் திருப்பினார். வலது கையின் சுட்டு விரலை நீட்டி, டிரிக்கரிலிருந்து நன்றாக விலக்கி, மனைவியின் முகத்துக்கு நேரே காட்டினார். அப்படியே வைத்துக்கொண்டு போல்ட்டை மூடினார்.

டக்.

அந்த அம்மா துப்பாக்கியைப் பார்க்கவே இல்லை. அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு தரம்" என்றார்கள்.

கேத்தன் மறுபடி திறந்து, மறுபடி விரலை நீட்டி, மறுபடி மூடினார். டக்.

"தொடல" என்றார்கள் அவர்கள். அதற்குப் பிறகுதான் கேத்தன் அழுதார்.